கார்டு போட்டும் வராத பிள்ளைகள்

1. முதல் நாள் பதிவானது

எங்கள் ஆஸ்பத்திரிக்கு இ.இ.ஜி. மெஷின் மாட்டு வண்டியில்தான் வந்து இறங்கியது. வெளிநாட்டில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரி புது மெஷின் வாங்கிக்கொண்டு, பழையதை எங்களுக்குத் தானமாக அனுப்பியிருந்தது. சங்கரன்கோவில் ஸ்டேஷன் வரை ரயில், அங்கிருந்து வண்டி. பீரோவைப் படுக்க வைத்தது போல இருந்தது. நாலு பேர் சேர்ந்து தூக்கி உள்ளே வைத்ததில் ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மெஷினால் முதலில் வைத்தியம் பார்க்கப்பட்டவர் அவர்தான்.

நான் அப்போது எக்ஸ்ரே அறையில் உதவியாளராக இருந்தேன். பெயர் ஜெயசீலி. பிள்ளைகள் வார்டைப் பார்த்துக்கொண்ட டாக்டர் ஞானதுரை வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். குறைமாதத்தில் பிறக்கும் பிள்ளைகளின் மூளை எப்படி வேலை செய்கிறது, அந்தப் பிள்ளைகள் பின்னால் எப்படி வளர்கிறார்கள் என்று பார்க்க அவருக்கு ஒரே ஆசை. என்னை வெளியூருக்கு அனுப்பி மெஷின் ஓட்டக் கற்றுவரச் செய்தார். எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. திரும்பி வந்தபோது சங்கரன்கோவிலுக்கே நான்தான் மூளை நிபுணர் என்ற நினைப்பு தலைக்கு ஏறியிருந்தது.

வேலை இவ்வளவுதான். பிள்ளையின் தலையில் பொட்டு அளவு வெள்ளித் தட்டுகளை பேஸ்ட் வைத்து ஒட்டி, அவற்றின் வயர்களை மெஷினில் சொருக வேண்டும். மூளையில் ஓடுகிற மிகச் சின்ன மின்சாரத்தை மெஷின் பெரிதாக்கி எட்டு பேனாக்களை ஆட்டும். கீழே காகிதம் ஓடிக்கொண்டே இருக்கும். பேனா அலை அலையாக வரைந்துகொண்டே போகும். நாம் பிள்ளைக்குக் கரண்ட் கொடுப்பதில்லை, பிள்ளையிடமிருந்து வாங்குகிறோம். இந்த ஒரு வாக்கியத்தை என் சர்வீஸில் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

முதல் நாள், ஏழு மாதத்தில் பிறந்த ஒரு பையனுக்கு வயர் ஒட்டி சுவிட்சைப் போட்டேன். எட்டு பேனாவும் வெறி பிடித்தது போல ஆடின. காகிதம் முழுக்கக் கறுப்புப் பட்டை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஏம்மா சீலி, இந்தப் பய என்ன இவ்வளவு பலமா யோசிக்கான்?"

சந்தேகம் வந்து, வயர்களை எல்லாம் பிள்ளையின் தலையிலிருந்து கழற்றினேன். பேனாக்கள் அப்போதும் ஆடின. ஜன்னல் வழியாக அடுத்த தெரு விசைத்தறிகளின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த மோட்டார்களின் கரண்டைத்தான் எங்கள் மெஷின் வரைந்து தள்ளியிருக்கிறது.

சுவருக்கு வெளியே குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு எர்த் கொடுத்தோம். கொஞ்சம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. கரண்ட் போனால் தறி நிற்கும், ஆனால் மெஷினும் நின்றுவிடும். கடைசியில் டாக்டர் தறி முதலாளியிடம் போய் நின்றார்.

"டாக்டரய்யா, தறிய நிப்பாட்டச் சொல்லுதிய. நிப்பாட்டினா எனக்குத்தான் மூளை இருக்கான்னு ஊர்ல கேப்பாவ" என்றார் அவர். ஆனாலும் மனுஷர் நல்லவர். மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாத் தறியையும் ஒரே நேரத்தில் நிறுத்த ஒத்துக்கொண்டார். அன்றிலிருந்து தறிக்காரர்கள் சாப்பிடும் நேரம்தான் எங்கள் பதிவு நேரம். நான் வேலை பார்த்த காலம் முழுக்க மத்தியானச் சோற்றைச் சூடாகச் சாப்பிட்டதில்லை.

2. உச்சியில் எண்ணெய்

அடுத்த எதிரி விளக்கெண்ணெய். பிள்ளையின் உச்சிக்குழி காயக்கூடாது என்று யாராவது ஒரு சொந்தக்காரி நர்ஸ் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு எண்ணெயைத் தேய்த்துவிடுவார். எண்ணெய் மேல் பேஸ்ட் ஒட்டாது. பேஸ்ட் ஒட்டாவிட்டால் பேனா சும்மா கிடக்கும். எண்ணெய் இல்லாத தலையில் கோயில் புற்றுமண் இருக்கும். மண்ணைத் துடைத்தால் சாமி குற்றம், துடைக்காவிட்டால் டாக்டர் குற்றம். நான் ஒரு பஞ்சை நனைத்துக்கொண்டு, "கோமதியம்மா, மன்னிச்சுக்கோ" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுத் துடைப்பேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள் இப்படிச் சொன்னது எங்கள் உபதேசியார் காதுக்கும் போய்ச் சேர்ந்தது. அது தனிக் கதை.

ஊரில் எனக்கு 'வயர் சிஸ்டர்' என்று பேர் விழுந்துவிட்டது. கறிகாய்க் கடையில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

3. பேனா நின்றது

மெஷின் வந்து மூன்று வருஷம் ஆன சமயம் செல்லத்தாய் வந்து சேர்ந்தாள். அவளுக்குக் கரிவலம்வந்தநல்லூர் தாய்வீடு. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த இடத்தில் ஏழாம் மாதமே வலி கண்டு, பஸ்ஸில் வைத்துக் கூட்டிவந்தார்கள். பெண் குழந்தை. இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினால் அதற்குள் அடங்கிவிடும். பல்பு போட்ட மரப்பெட்டியில் பஞ்சு சுற்றி வைத்து, மூக்கு வழியாகச் சின்னக் குழாய் விட்டு, தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்து ஊற்றினோம். அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்தது அவ்வளவுதான்.

செல்லத்தாயைக் கட்டிக்கொடுத்த ஊர் பனவடலிசத்திரம். ஆடு வளர்க்கிற குடும்பம். அவள் புருஷன் சுடலைமுத்து வராந்தாவில் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நிற்பார், அதோடு சரி. பேச்செல்லாம் அவருடைய அக்கா வேலம்மாள்தான். நாற்பது வயது இருக்கும். தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். அந்த வீட்டில் அவர் சொல்வதுதான் நடக்கும். எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த மறுநாளே இங்கேயும் அவர் சொல்வதுதான் நடக்கத் தொடங்கியது.

"எம் மருமக தலையில என்ன செய்யுதியன்னு நான் பாக்கணும்" என்று பதிவு அறைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்.

தறி நின்றது. நான் சுவிட்சைப் போட்டேன். பேனாக்கள் கொஞ்ச நேரம் துள்ளின. பிறகு எட்டும் ஒன்றாகச் சேர்ந்து ஓய்ந்து, நேர்க்கோடு போட ஆரம்பித்தன.

"ஐயோ, பிள்ள போயிட்டே!" என்று வேலம்மாள் போட்ட சத்தத்தில் வராந்தாவிலிருந்து தம்பி ஓடி வந்தார். பின்னாலேயே வார்டிலிருந்து செல்லத்தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, பிள்ள நெஞ்சப் பாருங்க. ஏறி எறங்குதுல்லா? நல்லா மூச்சு விடுதா. இந்த மாசத்துல மூளை இப்படித்தான் கொஞ்ச நேரம் வேலை செய்யும், பெறவு சும்மா இருக்கும். வளர வளர சும்மா இருக்க நேரம் கொறைஞ்சிரும்."

நான் சொல்லி முடிப்பதற்குள் பேனாக்கள் மறுபடி துள்ளின. வேலம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காகிதத்தையே பார்த்தார்.

"இது ஆடு மேயுத மாதிரில்லா இருக்கு. நாலு வாய் மேயுது, நின்னு முழிக்கி, பெறவு மேயுது. இத மொதல்லயே சொல்லப்பிடாதா? எங் குலையே நடுங்கிட்டு."

வெளிநாட்டுப் புத்தகத்தில் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்த சமாசாரம் அது. அதன் பிறகு புதுப் பிள்ளைகளின் தாய்மார்களுக்கு நான் இந்த ஆட்டுக் கணக்கில்தான் சொல்லிவந்தேன். உடனே புரிந்துவிடும்.

4. மூன்று பிள்ளைகளும் ஒரு கேள்வியும்

மறுநாள் காலை டாக்டர் காகித மடிப்புகளை மேஜை நீளத்துக்கு விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் சரியில்லை. அந்த மாதத்துப் பிள்ளைக்கு இருக்க வேண்டியதைவிட இந்தப் பிள்ளையின் பேனா நிற்கிற நேரம் அதிகமாக இருந்தது. குடும்பத்தை உள்ளே கூப்பிட்டார். மழுப்பத் தெரியாத மனுஷர்.

"இதே மாதிரி கோடு வந்த பிள்ளைகள மறுபடி வரச் சொல்லிப் பாத்திருக்கேன். மூணு பேரு வந்தாவ. ஒண்ணு ரெண்டு வயசாகியும் உக்காரல. ஒண்ணு பேசல. ஒண்ணுக்கு ஒரு பக்கம் கையும் காலும் வெறைச்சுப் போச்சு."

"அப்ப இவ தேறமாட்டாங்கியளா?" என்றார் வேலம்மாள்.

"உசிரு தேறலாம்மா. மத்தபடி வளருமான்னு கேட்டா... எனக்கு நம்பிக்க இல்ல."

வேலம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்பன்னா வீட்டுக்குக் கொண்டு போறோம்யா. அதும் சித்ரவதப்படாண்டாம், இவளும் படாண்டாம்."

வீட்டில் பல்புப் பெட்டி கிடையாது, குழாய் கிடையாது. அந்தப் பிள்ளைக்கு இன்னும் சப்பிக் குடிக்கத் தெரியாது. வீட்டுக்குக் கொண்டு போனால் அடக்கம் செய்யத்தான் கொண்டு போவார்கள் என்பது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். வேலம்மாளைக் கல்நெஞ்சக்காரி என்று நினைக்காதீர்கள். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் நிற்கவே இல்லை. எனக்கோ டாக்டர் மேல்தான் கோபம் கோபமாக வந்தது. ஆனால் அவர் பார்த்ததைத்தானே சொன்னார்.

அதுவரை வாயே திறக்காத செல்லத்தாய் கேட்டாள். "அந்த மாதிரிக் கோடு வந்த பிள்ளைக மூணே மூணுதானாய்யா?"

"இல்லம்மா, இன்னும் உண்டு. பிள்ளைக்கு ரெண்டு வயசானதும் கொண்டு வந்து காட்டச் சொல்லி எல்லாருக்கும் தபால் கார்டு போட்டோம். வரல."

"வராத பிள்ளைக எப்படி இருக்கு?"

வராத பிள்ளைகள் செத்துப்போயிருக்கும் என்று டாக்டர் நினைத்திருந்தார். நானும்தான். நாங்கள் இருவரும் அதை ஒரு தடவைகூட வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை.

"தெரியாதும்மா" என்றார். வேலம்மாள் பக்கம் திரும்பினார். "ரெண்டு நாள் பொறுத்துக்கிடுங்க. நான் ஆள் விட்டுப் பாக்கச் சொல்லுதேன்."

"ரெண்டு நாள்தான?" என்றார் வேலம்மாள். "சரி. அதுக்கு மேல எந் தம்பி பொண்டாட்டிய இங்கன போட்டு அழவைக்க முடியாது."

ஆள் என்றால் வேறு யார்? நான்தான்.

5. பஸ்ஸில் போய்ப் பார்த்தது

முதலில் கரிவலம். வராத பிள்ளைகளில் ஒரு பையனுக்கு எங்கள் பதிவில் இருந்த விலாசத்தைத் தேடிப் போனேன். ஒரு பெரியவர் கட்டிலுக்குக் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தார். பிள்ளையைப் பெற்றவளின் அப்பா. நான் இன்ன இடத்திலிருந்து வருகிறேன், உங்கள் பேரப்பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"அவன் இங்கன எதுக்கு இருக்கான்? அவன் அய்யா வீட்ல இருக்கான்."

"கார்டு போட்டோமே அண்ணாச்சி, வரலயா?"

"வந்துச்சு. ரெண்டு தடவ வந்துச்சு. நல்லா இருக்க பிள்ளைய எதுக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு அலையணும்னு உட்டுட்டேன்." கயிற்றை ஒரு இழு இழுத்தார். "பிள்ள தலை நின்னு முகம் பாத்துச் சிரிச்சதும் மாப்பிள்ள வீட்ல இருந்து வண்டி கெட்டி வந்து கூட்டிட்டுப் போயிட்டாவ. நல்லா இல்லன்னா இங்கனதான உட்டுருப்பாவ, தாயையும் பிள்ளையையும் சேத்து."

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

நம் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஆஸ்பத்திரியில் விலாசம் கேட்டால் தாய்வீட்டைத்தான் சொல்வார்கள். எங்கள் கார்டுகள் எல்லாம் தாய்வீட்டுக்குப் போயின. பிள்ளை நன்றாக இருந்தால் தாயும் பிள்ளையும் புருஷன் வீட்டுக்குப் போய்விடுவார்கள். பிள்ளைக்கு ஏதாவது குறை என்றால்தான் தாய்வீட்டிலேயே கிடப்பார்கள். அப்படிக் கிடந்த மூன்று பேர் கையில்தான் எங்கள் கார்டு கிடைத்திருக்கிறது. அவர்கள்தான் வந்திருக்கிறார்கள். இதே மண்ணில் பிறந்து வளர்ந்த எனக்கும் டாக்டருக்கும் இது உறைக்கவில்லை. சொந்த அக்காவைத் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்குக் கூட்டிவந்தவள் நான்.

பெரியவரிடம் புருஷன் வீட்டு ஊரைக் கேட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். அந்தப் பையன் ஒரு கோழியை விரட்டிக்கொண்டு என் குறுக்கே ஓடினான். முதல் நாள் தறியின் கரண்டை அவன் யோசனை என்று எங்களை நினைக்க வைத்த அதே பையன்தான்; பிறகு தறி நின்ற நேரத்தில் பதிந்தபோது அவனுக்கும் அந்த மாதிரிக் கோடுதான் வந்திருந்தது. "ஏலே, வயர் சிஸ்டர் வந்திருக்கேம்லே" என்றேன். அவன் தாய் பதறிப்போய் என்னை வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"சத்தம் போடாதிய சிஸ்டர். மூளைக்கு வயர் வச்ச பிள்ளன்னு வெளிய தெரிஞ்சா பின்னால எவன் பொண்ணு குடுப்பான்?"

இப்படியே புருஷன் வீட்டு ஊரைக் கேட்டுக் கேட்டுப் போனதில், கடையநல்லூரில் ஒரு வீட்டில் கதவைப் பாதிதான் திறந்தார்கள். "அப்படி ஒரு புள்ள இங்க இல்லம்மா" என்றார் அந்தப் பெண். அவர் இடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது.

"உம்மா, இது யாரு? பையில என்ன? பிஸ்கெட்டா? வாப்பா சவுதில இருக்காவ. பெரிய பொம்ம கார் வாங்கி வருவாவ."

அந்தம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பேசாத புள்ளன்னு நெனச்சுத் தேடி வந்திய போல. வாங்க, உள்ள வந்து ஒரு நாள் முழுக்க இவன் பேச்சக் கேட்டுட்டுப் போங்க" என்று கதவை முழுக்கத் திறந்தார். சாயா கொடுத்து உபசரித்தார்.

எல்லா வீட்டிலும் சாயா கிடைக்கவில்லை. ஒரு பெண் பிள்ளைக்கு இடதுகை சரியாக விரியவில்லை. வலதுகையாலேயே என் குடையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்றது. இன்னொரு வீட்டில் பிள்ளை இல்லை. போன கோடையில் வயிற்றுப்போக்கில் போய்விட்டதாம். "நல்லா பேசிச்சு சிஸ்டர், கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லும்" என்று அந்தத் தாய் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

6. டாக்டர் சொன்ன பதில்

இரண்டாம் நாள் சாயங்காலம் பஸ் தூசியோடு டாக்டர் முன்னால் போய் நின்றேன். பார்த்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உடனே எழுந்து வார்டுக்குப் போனார். பல்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வேலம்மாள் துணிமூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செல்லத்தாய் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள்.

"அன்னைக்கு நான் சொன்னது சரியில்லம்மா" என்றார் டாக்டர். "வராத பிள்ளைகள்ல ஓடுத பிள்ள இருக்கு, பேசுத பிள்ள இருக்கு. கை முடியாத பிள்ளையும் இருக்கு. உங்க பிள்ள எப்படி வளரும்னு எனக்குத் தெரியல."

படித்த டாக்டர் தெரியவில்லை என்று சொன்னால் நம் ஜனங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த டாக்டரிடம் போய்விடுவார்கள் என்று எனக்கு ஒரே பயம்.

"தேறாதுன்னு சொன்னிய, அதான் போறோம்னேன். தெரியலன்னா இருந்து பாக்க வேண்டியதுதான்." வேலம்மாள் மூட்டையை அவிழ்க்கத் தொடங்கினார். "ஏட்டி செல்லத்தாயி, எந்திரி. பாலப் பீச்சி எடு. பிள்ளைக்கு நேரமாச்சுல்லா?"

செல்லத்தாய் எழுந்த வேகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. சுடலைமுத்து வராந்தாவில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார்.

வாரா வாரம் தறி நிற்கிற நேரத்தில் அந்தப் பிள்ளையைப் பதிவு செய்தேன். பேனா நிற்கிற நேரம் மெல்ல மெல்லக் குறைந்து வந்தது. வேலம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னைக்கு நல்லா மேயுதா" என்று மற்ற தாய்மார்களுக்கும் சேர்த்து அறிவிப்பார். பிள்ளை பாலாடைச் சங்கில் பால் குடிக்கப் பழகி, பிறகு தாயிடம் சப்பிக் குடித்து, ஒரு நாள் வீட்டுக்குப் போனாள். பேச்சியம்மாள் என்று பேர் வைத்தார்கள்.

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மெஷின் இன்று எவ்வளவோ மாறிவிட்டது. கம்ப்யூட்டரே கோட்டைப் படித்துச் சொல்லிவிடுகிறது. ஆனால் பிள்ளை எந்த வீட்டில் வளரப்போகிறது என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். திரும்பி வந்தவர்களை மட்டும் பார்த்துவிட்டு எல்லாப் பிள்ளைகளைப் பற்றியும் பேசாதீர்கள். வராதவர்களைத் தேடி நீங்கள்தான் பஸ் ஏற வேண்டும். நாங்கள் அதற்குப் பிறகு இரண்டு வீட்டு விலாசத்தையும் வாங்கினோம், இரண்டுக்கும் கார்டு போட்டோம். அப்படியும் நன்றாக இருக்கிற பிள்ளையை யாரும் கொண்டுவந்து காட்டவில்லை. மாதம் ஒரு முறை நான் ஊர் ஊராகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதி வைப்பேன்.

7. பேச்சி வந்த நாள்

பேச்சிக்கு இரண்டு வயது தாண்டிய ஒரு நாள், வேலம்மாள் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். பிள்ளையைக் கீழே விட்டதும் அறைக்குள் ஓட ஆரம்பித்தாள். வலதுகால் கொஞ்சம் இழுத்தது. பேச்சும் வயதுக்குக் கொஞ்சம் குறைவுதான். டாக்டர் மரக்கட்டைகளை அடுக்கச் சொன்னார், மூக்கைக் காட்டச் சொன்னார். அவள் அவருடைய மூக்கைப் பிடித்துக் காட்டினாள்.

"காலுக்குப் பயிற்சி சொல்லித் தாரேன், செஞ்சா சரியாயிரும்" என்றார் டாக்டர். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நல்லா ஓடுதாளே! ஓடுத பிள்ளைய யாரும் இங்க கூட்டிட்டு வாரதே இல்ல. நீங்க எப்படிம்மா இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்திய? ஊர்ல பேசமாட்டாவளா?"

"பேசட்டும். எந்த ஊர்ல பேசாம இருக்காவ?" என்றார் வேலம்மாள். "ஓடுத பிள்ளையையும் நீங்க பாக்கணும்லாய்யா. இல்லன்னா அடுத்து வாரவகிட்ட என்ன சொல்லுவிய?"

வேலம்மாள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு நேராகப் பிள்ளைகள் வார்டுக்குப் போனார். அங்கே பல்புப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள்தான் எட்டாம் மாதத்தில் பெற்றிருந்தாள்.

"ஏட்டி, அழாத. இங்கன பாரு" என்று சொல்லி, பேச்சியை அவள் முன்னால் ஓடவிட்டார்.